வால்ட் மேசையும் வளரும் உடலும்

மதிப்பெண் அட்டையில் வால்ட்டுக்கு நேரே 0.00 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நடுவர் மேசைக்கு ஓடுகிற பெற்றோர் எல்லாப் போட்டியிலும் உண்டு. பிள்ளை ஓடினாள், தாண்டினாள், இறங்கி நின்றாள். அப்புறம் எப்படிப் பூஜ்யம் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். மற்ற கருவிகளில் ஒரு பிழைக்குக் கொஞ்சம் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். வால்ட்டில் சில பிழைகளுக்கு முழுவதுமே போய்விடும்.

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஜி.யின் பெண்கள் விதிப்படி வால்ட் பூஜ்யமாகும் முக்கியமான சந்தர்ப்பங்கள் இவை. ஓடிவந்து ஸ்பிரிங்போர்டையோ மேசையையோ தொட்டுவிட்டுத் தாண்டாமல் நின்றுவிடுவது. மேசையில் கையே படாமல் தாண்டிவிடுவது. இறங்கும்போது கால் முதலில் தரையைத் தொடாதது. தாண்டும்போது கோச் கைகொடுத்துவிடுவது. ரவுண்ட்-ஆஃப் (பக்கவாட்டில் கை ஊன்றிச் சுழன்று இரண்டு காலையும் சேர்த்து இறங்குவது) போட்டு ஏறும் வால்ட்டுக்கு ஸ்பிரிங்போர்டைச் சுற்றிப் பாதுகாப்பு காலர் வைக்காதது. எதையும் தொடாமல் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டால் மறுபடி ஓடலாம், ஆனால் 1.00 கழியும். ஒரு கை மட்டும் மேசையில் பட்டால் 2.00 போகும். கீழே விழுந்தால் 1.00.

மாநில, தேசிய வயதுப் பிரிவுப் போட்டிகளில் இவற்றில் சிலவற்றைத் தளர்த்தியிருப்பார்கள், சிலவற்றை இறுக்கியிருப்பார்கள். எந்தப் போட்டிக்குப் போகிறீர்களோ அதன் தொழில்நுட்பக் கையேட்டைப் பிள்ளையின் கோச்சோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துவிடுங்கள். எந்த உயரத்தில் மேசை, எத்தனை வாய்ப்பு, இரண்டில் சிறந்தது கணக்கா அல்லது சராசரியா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

மதிப்பெண் இரண்டு பகுதியாக வரும். ஒவ்வொரு வால்ட்டுக்கும் அதன் கடினத்துக்கேற்ப ஒரு மதிப்பு முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. அது டி ஸ்கோர். செய்த நேர்த்திக்கு 10லிருந்து கழித்துக்கொண்டே வருவது இ ஸ்கோர். இரண்டையும் கூட்டுவார்கள். கடினமான வால்ட்டைக் கோணலாகச் செய்தாலும் எளிய வால்ட்டை அழகாகச் செய்தவளை முந்திவிட இந்தக் கணக்கில் இடமிருக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் நான் எச்சரிக்கப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான். விதிப்புத்தகம் எந்த வால்ட்டுக்கு என்ன மதிப்பு என்று சொல்லும். உங்கள் பிள்ளை அதற்குத் தயாரா என்று சொல்லாது. அதைச் சொல்லும் ஏணியைக் கோச்தான் கட்டவேண்டும். அந்த ஏணி விதியைவிடக் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

விதிகள் எங்கிருந்து வந்தன

வால்ட் விதிகளில் பல, யாரோ ஒரு பிள்ளை அடிபட்ட பிறகு எழுதப்பட்டவை.

1988 மே மாதம் டோக்கியோவில் ஒரு போட்டிக்கான வார்ம்-அப்பில் அமெரிக்கச் சிறுமி ஜூலிசா கோமஸ் யுர்சென்கோ வால்ட்டுக்கு ஓடினாள். ஓட்டத்தின் முடிவில் ரவுண்ட்-ஆஃப் போட்டு, முதுகு மேசைப் பக்கமாக இருக்க ஸ்பிரிங்போர்டில் இரண்டு காலையும் வைத்து, பின்னோக்கிப் பாய்ந்து கைகளை ஊன்றும் வால்ட் அது. கால் வைக்கப்போகும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அவள் கால் போர்டிலிருந்து வழுக்கியது. தலை நேராகக் கருவியில் மோதியது. அப்போது வயது 15. கழுத்துக்குக் கீழே செயலிழந்தாள், 1991இல் இறந்தாள். அந்த வால்ட்டில் அவள் கால் பயிற்சியிலேயே சீராக விழவில்லை என்று அவளோடு பழகியவர்கள் பின்னர் சொன்னார்கள். ஸ்பிரிங்போர்டை மூன்று பக்கமும் அணைத்து நிற்கும் லாட வடிவ மேட்தான் இன்று கட்டாயமாக்கப்பட்டிருக்கும் காலர். கால் சற்று விலகினாலும் இடுக்கில் இறங்காமல் அது தாங்கிக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் கருவி குதிரை எனப்பட்ட, குறுகலான நீள மெத்தை. 2001இல் அதற்குப் பதிலாக இன்றைய அகல மேசை வந்தது: நீளம் 120 செ.மீ., அகலம் 95 செ.மீ. பின்னோக்கி வரும் பிள்ளைக்குக் கைவைக்க இடம் கூடியது. உயரம் பெண்களுக்கு 125 செ.மீ., ஆண்களுக்கு 135 செ.மீ.

இந்த 125 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டியின்போது கருவி 5 செ.மீ. தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் வரிசையாகத் தடுமாறினார்கள். ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்க்கினாவும் விழுந்தார். பாதிப் போட்டி முடிந்த பிறகு ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் ஏதோ சரியில்லை என்று சொன்ன பிறகுதான் அளந்து பார்த்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் அவர்களையே விழவைக்கும் என்றால், பயிற்சிக்கூடத்தில் ஒரு உயரம், போட்டியில் இன்னொரு உயரம் என்று பத்து வயதுப் பிள்ளையை ஓடவிடுவது என்ன நியாயம்? கோச்சின் பையில் அளவு நாடா இருக்கவேண்டும். பெற்றோர் அதைக் கேட்டு உறுதிசெய்யலாம், தவறில்லை.

மேசைக்கு வரும் முன்

வால்ட்டைக் கற்கும் நேரத்தில் பெரும்பகுதி மேசைக்கு வெளியே கழிய வேண்டும். இதைப் பெற்றோருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. “இந்த மாசம் முழுக்க மேட் மேலதான் விழுந்துக்கிட்டு இருக்கா சார், எப்ப மேசைக்குப் போவா?” என்று கேட்கிறார்கள். மேட்டில் விழுவதுதான் பாடம் என்பதற்கான விளக்கம் கீழே.

முதலில் இறங்கக் கற்றுக்கொடுங்கள். பாய்வதெல்லாம் பிறகு. முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து குதித்து, இடுப்பு அகலத்துக்குக் கால் வைத்து, முட்டி பாதத்துக்கு நேர் மேலே நிற்க, இடுப்பைச் சற்றுப் பின்தள்ளி, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்கவேண்டும். பக்கத்தில் மண்டியிட்டு அந்த முட்டிகளைப் பாருங்கள். தரையைத் தொடும் கணத்தில் இரண்டு முட்டியும் உள்நோக்கி ஒன்றையொன்று தேடிச் சாய்ந்தால், அந்தப் பிள்ளையின் முட்டிக்குள்ளிருக்கும் தசைநார் ஆபத்தில் இருக்கிறது. அது சரியாகும்வரை உயரத்தைக் கூட்டாதீர்கள். பெட்டியிலிருந்து இறங்குவது நேராகாமல் மேசைக்கு மேலிருந்து இறங்குவது நேராகாது.

கூடவே விழவும் கற்றுக்கொடுக்கவேண்டும். பின்பக்கம் சாயும்போது எந்தக் குழந்தையும் இயல்பாகக் கையைப் பின்னால் ஊன்றும். முழங்கை விலகுவதும் மணிக்கட்டு முறிவதும் அப்படித்தான். கையை மார்போடு கட்டிக்கொண்டு, மோவாயை உள்ளிழுத்து, முதுகை உருட்டிப் பின்னால் போவதைத் தினமும் வார்ம்-அப்பிலேயே சேர்த்துவிடுங்கள். யோசித்துச் செய்ய நேரமிருக்காது. உடம்பு தானாகச் செய்யவேண்டும்.

அடுத்தது ஓட்டம். பாதையின் நீளம் அதிகபட்சம் 25 மீட்டர். எல்லாப் பிள்ளைக்கும் 25 தேவையில்லை; சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிக்குச் சற்று மேலே போதும். நீண்ட ஓட்டம் வேகத்தைத் தரும் என்று நினைத்துப் பின்னால் தள்ளிப்போகும் பிள்ளை கடைசி ஐந்து அடியில் சோர்ந்து, காலைக் குறுக்கி, போர்டுக்கு முன் தத்தளிப்பதைப் பார்க்கலாம். பாதையின் ஓரத்தில் அளவு நாடாவை விரித்துவையுங்கள். பிள்ளை எங்கே நின்று கிளம்புகிறாள், போர்டுக்கு முந்தைய ஒற்றைக்கால் எழும்பலை எந்த இடத்திலிருந்து எடுக்கிறாள் என்று சாக்பீஸால் குறியுங்கள். பத்து ஓட்டம் ஓடவிடுங்கள், மேசை வேண்டாம், போர்டில் ஒரு நேர்க்குதிப்பு போதும். சாக்பீஸ் கோடுகள் ஒரு பாத அகலத்துக்குள் விழுந்தால் ஓட்டம் நிலைத்துவிட்டது. அரை மீட்டருக்குச் சிதறியிருந்தால் இன்னும் இல்லை. இதற்கு வேறு சோதனை தேவையில்லை.

போர்டில் கால் விழுவதை நான் கண்ணைவிடக் காதால்தான் கேட்கச் சொல்வேன். இரண்டு காலும் சேர்ந்து விழுந்தால் ஒரே ‘டப்’. ஒரு கால் முந்தினால் ‘டடப்’ என்று இரட்டையாகக் கேட்கும். கூடத்தின் மறுமூலையில் வேறு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இந்தச் சத்தம் உங்களுக்குச் சொல்லிவிடும். போர்டின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிக் குறைக்கலாம். எடை குறைந்த பிள்ளையை எல்லா ஸ்பிரிங்கும் பூட்டிய போர்டில் குதிக்கவிட்டால் போர்டு அமுங்காது; எழும்பலும் வராது. கணுக்கால்தான் வலிக்கும்.

பிறகுதான் கை. மேசையில் கை ஊன்றும் கணம் மிகச் சிறியது. முழங்கையை மடக்கித் தள்ளுவதற்கு அங்கே நேரமில்லை. கை நேராக இருக்க, தோள் காதை நோக்கி எழுந்து, தரையை உதறிவிடவேண்டும். சுவரோரம் ஹேண்ட்ஸ்டாண்டில் நின்று தோளை ஏற்றி இறக்குவதில் ஆரம்பித்து, ஹேண்ட்ஸ்டாண்டிலேயே கையால் துள்ளுவது, பிறகு போர்டிலிருந்து எழும்பி அடுக்கிய மேட்டின்மேல் ஹேண்ட்ஸ்டாண்ட் வைத்து அப்படியே கட்டையாக முதுகில் விழுவது என்று வரவேண்டும். பெற்றோர் கேட்ட அந்த ‘மேட் மேல விழுவது’ இதுதான். முதுகு வளைந்திருந்தால் இடுப்பு முதலில் விழும். கை தாமதித்தால் உடல் குழைந்து விழும். நேராக இருந்தால் தலையிலிருந்து குதிகால்வரை ஒரே நேரத்தில் ‘தொப்’பென்று மேட்டில் படும். அப்படி விழத் தெரிந்த பிள்ளைக்கு மேட் அடுக்கின் உயரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். மேசைக்கு வரும் நாளில் அவளுக்குப் புதிதாக எதுவும் இருக்காது.

முதலில் மேசையைத் தாண்டுவது ஹேண்ட்ஸ்பிரிங்: தலைகீழாக மேசையில் கை ஊன்றி, தள்ளி, மறுபக்கம் காலில் இறங்குவது. அமெரிக்கப் பயிற்சித் திட்டத்தில் பத்து நிலைகள் உண்டு. அதிலும் மேசைக்கு மேலே முதலில் வருவது ஹேண்ட்ஸ்பிரிங்தான். அந்தரத்தில் பல்டி சேர்ந்த வால்ட்கள் மேல்நிலைகளுக்குத்தான். ஒரு ஹேண்ட்ஸ்பிரிங்கிலேயே வருடக்கணக்கில் நிற்கிறாளே என்று கவலைப்பட வேண்டாம். நல்ல ஹேண்ட்ஸ்பிரிங்கில்தான் பின்னால் வரும் எல்லாமே இருக்கிறது. முதலில் இறங்கும் பக்கம் மேட்டை மேசை உயரத்துக்கு அடுக்கி, பிறகு ஒன்றொன்றாக எடுத்து, கடைசியில்தான் போட்டி உயரத்துக்கு இறக்கவேண்டும். மேட் எடுக்கும் வாரத்தில் ஓட்ட நீளத்தை மாற்றாதீர்கள்; ஓட்டத்தை மாற்றும் வாரத்தில் போர்டு தூரத்தைத் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

பல்டி சேரும்போது

ஹேண்ட்ஸ்பிரிங்குக்குப் பிறகு மூன்று பாதைகள் பிரிகின்றன. மேசையைத் தள்ளி முன்னோக்கிப் பல்டி போடுவது ஒன்று. மேசைமேல் பாதி திரும்பிக் கை ஊன்றிப் பின்னோக்கிப் பல்டி போடுவது, ஜப்பானின் மிட்சுவோ ட்சுகஹாரா பெயரால் வழங்குவது. ரவுண்ட்-ஆஃபில் ஏறும் யுர்சென்கோ மூன்றாவது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அவள் தரைப் பயிற்சியே காட்டிக்கொடுக்கும். தரையில் ரவுண்ட்-ஆஃப் கோணலாகப் போகும் பிள்ளைக்கு யுர்சென்கோ வேண்டாம். போர்டில் அந்தக் கோணல் இன்னும் பெரிதாகும்.

யுர்சென்கோவுக்குப் போகிறவர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை கடுமையானது. மேசையை அகற்றிவிட்டுப் போர்டுக்குப் பின்னால் மென்மையான மேட் மட்டும் வைத்து, காலரோடு, ரவுண்ட்-ஆஃபில் போர்டை மிதித்து மேட்டின் மேல் பின்னோக்கிச் சாய்ந்து விழவேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு காலும் போர்டின் நடுவில். இருபது முறை தொடர்ந்து பிசகாமல் வந்தால் அடுத்த கட்டம். பத்தொன்பது வந்து ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. தவறுகிற அந்த ஒன்று போட்டியில் வரலாம் என்பதை டோக்கியோ காட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு மேட் அடுக்கின்மேல் கை ஊன்றி முதுகில் விழுவது, பிறகு மேசை, பிறகு பஞ்சுக்குழியில் பல்டி. காலர் பயிற்சியிலும் கட்டாயம். “இன்னைக்கு ரெண்டு தடவைதானே” என்று காலரை எடுத்து வைக்காத கோச்சிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பஞ்சுக்குழியைப் பற்றி ஒரு சொல். அது எல்லாவற்றையும் மன்னித்துவிடும். அரைப் பல்டி அதிகமாகப் போனாலும் குறைந்தாலும் பிள்ளை சிரித்துக்கொண்டே எழுந்துவருவாள். ‘வந்துவிட்டது’ என்று நினைப்பாள். குழியில் வந்ததைக் குழிமேல் விரித்த மேட்டில், பிறகு தடித்த மென்மேட்டில், கடைசியில்தான் போட்டி மேட்டில் என்று இறக்கவேண்டும். கோச் கைகொடுத்து நடக்கும் வால்ட்டையும் வந்துவிட்டதாக எண்ணக்கூடாது. கையை விலக்கியதும் உயரம் குறைகிறதென்றால் அந்த உயரம் கோச்சினுடையது.

திரிபுராவின் தீபா கர்மாகரை இங்கே சொல்லியாகவேண்டும். அகர்தலாவில் பிஷ்வேஷ்வர் நந்தியிடம் பயின்றவர். ஹேண்ட்ஸ்பிரிங்கில் ஏறி முன்னோக்கி இரட்டைப் பல்டி போடும் புரோதுனோவா வால்ட்டை 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் செய்து வெண்கலம் வென்றார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 15.066 எடுத்து நான்காமிடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே 0.150தான். அன்று அந்த வால்ட்டின் டி ஸ்கோர் 7.0. இறங்கும்போது உட்கார்ந்துவிட்டால்கூட வேறு வால்ட்களை முந்தும் அளவு பெரிய எண். அந்த எண்ணுக்காகவே பலர் அதை முயன்றார்கள். ரியோவுக்குப் பின் எஃப்.ஐ.ஜி. அதை 6.4 ஆகக் குறைத்தது. 2017இல் தீபாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2024இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம் வென்றார், அதுவும் புரோதுனோவா இல்லாமல். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். ரியோவின் வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் தாஷ்கண்டின் வீடியோவையும் காட்டச் சொல்வேன். அவருடைய துணிவு பெரிது. அந்தத் துணிவுக்குப் பின்னால் இருந்த வருடங்களையும் முழங்காலையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.

வளரும் எலும்பு

எலும்பு நுனியில் வளர்ச்சி நடக்கும் மென்பகுதி பதின்வயதின் பிற்பகுதிவரை மூடாது. வால்ட்டில் ஒவ்வொரு முறையும் முழு உடலின் வேகமும் மணிக்கட்டில் இறங்குகிறது. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டை அழுத்தினால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே கை ஊன்றும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். டேப் சுற்றி ஓடவிடாதீர்கள். குதிகால் வலியும் முட்டிக்குக் கீழ் எலும்பு புடைத்து வலிப்பதும் இந்த வயதில் சாதாரணம். ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

மாதம் ஒருமுறை சுவரில் உயரம் குறித்துவையுங்கள். சில மாதங்களில் திடீரென்று வளர்ந்த பிள்ளைக்குக் கை கால் நீளமாகியிருக்கும். பழைய வேகத்தில் பல்டி சுழலாது. போன வருடம் தானாக வந்தது இந்த வருடம் வராது. சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம். ஒரு படி கீழே இறங்கி, ஓட்டத்தை மறுபடி அளந்து ஆரம்பியுங்கள். அவசரம் எதற்கு? பெண்கள் சீனியர் சர்வதேசப் போட்டிக்கு அந்த ஆண்டில் 16 நிறையவேண்டும் என்ற விதி 1997 முதலே இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.

போட்டி நாள்

வார்ம்-அப் தொடங்கும் முன் மேசை உயரம், போர்டின் தூரம், ஸ்பிரிங், காலர், மேட்டுகளின் இணைப்பு எல்லாவற்றையும் கோச் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். பிள்ளை ஓட ஆரம்பித்த பிறகு மேட், போர்டு எதையும் யாரும் தொடக்கூடாது. 1998இல் நியூயார்க் குட்வில் போட்டியின் வார்ம்-அப்பில் சீனாவின் சாங் லான் தலைகுப்புற விழுந்து மார்புக்குக் கீழே செயலிழந்தார். தான் ஓடும்போது ஒருவர் மேட்டை நகர்த்தியது கவனத்தைக் கலைத்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். அது அவருக்குப் பழகிய, எளிய வால்ட். ஆகவே பாதையின் இரு பக்கமும் நின்று செல்போனில் படமெடுப்பதும், மேட்டோரம் மற்ற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதும் வேண்டாம்.

எந்தப் போட்டிக்கும் இரண்டு வால்ட்டோடு போங்கள்: திட்டமிட்டது ஒன்று, அதைவிட எளிதாகத் தூக்கத்திலும் வருகிற ஒன்று. மாற்றும் முடிவைப் பிள்ளையும் எடுக்கலாம் என்று முன்பே அவளிடம் சொல்லிவையுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக் அணி இறுதிப்போட்டியில் சிமோன் பைல்ஸ் இரண்டரைத் திருப்பம் திட்டமிட்டு ஓடினார். அந்தரத்தில் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய் ஒன்றரையோடு இறங்கினார். பிறகு போட்டியிலிருந்தே விலகினார். அவருக்கே அப்படி நேரும் என்றால், “அந்தரத்துல எங்க இருக்கேன்னு தெரியலை சார்” என்று ஒரு சிறுமி சொல்வதை உடனே நம்பவேண்டும். அந்த நிலையில் அவளை இன்னொரு முறை ஓடச்சொல்வது குற்றம்.

ஓடிவந்து போர்டுக்கு முன் நின்றுவிடும் பிள்ளையிடம் “பயமா?” என்று கேட்காதீர்கள், “அடி சரியா வரலையா, இல்ல மேல போனா என்ன ஆகும்னு தோணுதா?” என்று கேளுங்கள். முதலாவது என்றால் சாக்பீஸை எடுத்து ஓட்டத்தை அளக்கலாம். இரண்டாவது என்றால், அல்லது ஒரே நாளில் இரண்டு முறை நின்றுவிட்டாள் என்றால், அந்த வால்ட்டை அன்றைக்கு மூடிவிடுங்கள். அந்த வாரம் முழுவதும் அதற்கு முந்தைய படியில், மேட் அடுக்கில் வேலைசெய்யட்டும். மறுபடி மேசைக்குப் போகும் நாளை அவளே சொல்லட்டும்.